ஃபேஸ்லிஃப்ட் முடிந்து ஐந்து மாதம், மறுபடியும் தொய்வு: டச்-அப் செய்யலாமா?

ஜனவரி 9, காலை. கேள்வி

ஃபேஸ்லிஃப்ட்டும் கழுத்து லிஃப்ட்டும் செய்து ஐந்து மாதம் ஆகிறது. வயது 61. முதல் இரண்டு மாதம் பிரமாதமாக இருந்தது. இப்போது தாடைக்குக் கீழே, முக்கியமாக இடது பக்கம், தோல் தளர்ந்து நிற்கிறது. குனிந்தால் மடிப்பு விழுகிறது. டாக்டரிடம் சொன்னேன். "வேண்டுமானால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் எடுத்துத் தைத்துவிடலாம், அரை மணி நேர வேலை" என்கிறார். செய்துகொள்ளலாமா? செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஜனவரி 9, இரவு. பதில்

வேண்டாம். ஐந்தாம் மாதத்தில் கத்தி படவே கூடாது. எனக்குப் பதினாலு மாதம் ஆகிறது, அந்த உரிமையில் சொல்கிறேன். வீக்கம் முழுசாக இறங்கவே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பிடிக்கும். பொறுங்கள், தானாகச் சரியாகிவிடும்.

ஜனவரி 10

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதினேன். "தானாகச் சரியாகிவிடும்" என்ற வரியை அடித்துவிடுங்கள், அது தப்பு.

தானாகச் சரியாவது வீக்கம், காதோரம் கல் மாதிரி இருக்கும் இறுக்கம், தொட்டால் தட்டுப்படும் முடிச்சுகள், மரத்துப்போன இடங்கள். தளர்ந்த தோல் காத்திருப்பதால் இறுகாது. இன்னும் கொஞ்சம் தளரத்தான் வாய்ப்பு. பிறகு ஏன் பொறுக்கச் சொல்கிறேன்? எதுவரை தளரும் என்று தெரிந்த பிறகு வெட்டினால் ஒரு தடவையோடு போகும். பாதி வழியில் வெட்டினால் மீதி வழியும் தளர்ந்து, மறுபடி போய் நிற்க வேண்டிவரும்.

முதல் இரண்டு மாதம் பிரமாதம் என்றீர்கள். எனக்கும் அப்படித்தான். கன்னம் மொழுமொழுவென்று, தாடைக் கோடு அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி. அது வீக்கம் போட்ட வேஷம். உள்ளே நீர் கோத்து நிற்கும்வரை தோல் உப்பித்தான் இருக்கும், தொய்வு தெரியாது. நீர் வடிந்ததும் குட்டு வெளிப்படும். கூடவே, இழுத்துத் தைத்த தோல் அந்த இழுவையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக நீளும். கயிற்றுக் கட்டிலை எவ்வளவு இறுக்கிப் பின்னினாலும் சில நாளில் நடுவில் பள்ளம் விழுகிறதே, அதுபோல. பின்னியவர் மேல் குற்றம் இல்லை. (குற்றம் இருக்கிற கட்டில்களும் உண்டு. அதற்கு வருகிறேன்.)

தோல் இழுத்துவிட்டால் திரும்பி வருவது எலாஸ்டின் என்ற நாரினால். அதில் பெரும்பகுதியை உடம்பு குழந்தைப் பருவத்தோடு செய்து முடித்துவிடுகிறது. 61 வயதில் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் உள்ளே இருப்பது அதே பழைய நார்தான்.

ஜனவரி 10, மாலை

மறந்துவிட்டேன். குனிந்து பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள்.

மேசையில் கைபேசியை வைத்து அதன் மேல் குனிந்து முகத்தைப் பார்த்தால் இருபத்தைந்து வயதுக்காரருக்கும் மடிப்பு விழும். என் மகளை வைத்தே நிரூபித்தேன், அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. கழுத்தில் கொஞ்சம் உபரித் தோல் இருந்தால்தான் தலையைத் திருப்பவும் அண்ணாந்து பார்க்கவும் முடியும். அந்த உபரியையும் எடுத்துவிட்டால் வீட்டுக் கூரையைப் பார்க்கக்கூட உடம்போடு சாய வேண்டியதுதான்.

நிமிர்ந்து நின்று, கேமராவைக் கண் மட்டத்தில் ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து, ஒரே சன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம் மட்டும்தான் கணக்கு. நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மாதம் ஒரு தடவை போதும். தினமும் எடுக்காதீர்கள். தினமும் எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 17

இடையில் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டார், உங்களுக்கு ஏன் இவ்வளவு கடுப்பு?"

கடுப்புக்குக் காரணம் உண்டு. நானும் ஐந்தாவது மாதம் அதே அரை மணி நேர வேலையைச் செய்துகொண்டேன். ஒன்பதாம் தேதி இதை எழுதியிருக்க வேண்டும். அறிவுரை சொல்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டால் சொந்தக் கதையைச் சொல்ல வாய் வருவதில்லை.

ஜனவரி 18

சரி, முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருடத்துக்குள் திருத்தம் தேவைப்பட்டால் டாக்டர் கட்டணம் கிடையாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதம்தான் எனக்கு எமனாக வந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் நான் கண்ணாடியை மூடிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். சும்மா கிடைக்கிறதே, கெடு தாண்டிவிடுமே என்ற பதைப்பு. (முழுசாகச் சும்மா இல்லை. அறைக்கும் மருந்துக்கும் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வரி சின்ன எழுத்தில் இருந்தது.)

டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே" என்று ஒரு தடவை சொன்னார். ஒரே ஒரு தடவை. நான் மூன்று தடவை கேட்டேன்.

முழு மயக்கம் கிடையாது, மரத்துப்போகும் ஊசி மட்டும். ஊசி குத்தும்போது நன்றாகவே எரியும், அதற்கப்புறம் வலி இல்லை. ஆனால் சத்தம் உண்டு. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கத்தரிக்கோல் தோலை வெட்டும்போது ஈரத் துணியை வெட்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு, காதுக்கு அரை அங்குலத்தில். தையல் நூல் தோலுக்குள் இழுபடுவது வலிக்கவில்லை, ஆனால் மண்டைக்குள்ளேயே கேட்டது. நர்ஸ் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெட்டியதைக் காட்டச் சொன்னேன். சின்ன எஃகுக் கிண்ணத்தில் பிறை மாதிரி ஒரு துண்டு. நீளம் ஆள்காட்டி விரல் அளவு, அகலம் சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. இதற்கா இத்தனை தடவை போன் செய்தேன் என்று இருந்தது.

முதல் மூன்று வாரம் மறுபடி பிரமாதம். மறுபடி வீக்கம், அவ்வளவுதான். ஆனால் அப்போது எனக்கு அது தெரியாது.

டச்-அப் முடிந்த மூன்றாவது மாதம் தலை வாரும்போது கவனித்தேன். வலது காதுச் சோணை உருண்டையாகத் தனியே நிற்காமல், கன்னத்தோடு ஒட்டிக் கீழே முக்கோணமாக இழுபட்டிருந்தது. டாக்டர்கள் இதைப் பிக்ஸி காது என்பார்கள். இழுவை முழுவதையும் தோல் மேலேயே சுமத்தினால், அந்தப் பாரத்தில் கன்னத் தோல் கீழே இறங்கும்போது சோணையையும் கூட்டிக்கொண்டு போய்விடும். காதுக்குப் பின்னால் தழும்பும் கோடாக இல்லாமல் பட்டையாக விரிந்துவிட்டது.

தாடைக்குக் கீழே இருந்த தொய்வு? அப்படியே இருந்தது. ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

பிப்ரவரி 2

ஏன் மாறவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன். அறுவைக்கு முன்னால் படித்திருக்க வேண்டியதை எல்லாம் பின்னால் படிப்பது என் சுபாவம்.

1900களின் ஆரம்பத்தில் இந்த அறுவை தொடங்கியபோது தோலை மட்டும் வெட்டி, இழுத்துத் தைத்தார்கள். நன்றாக இருக்கும், சீக்கிரம் தொய்ந்துவிடும். 1970களில் ஸ்வீடனைச் சேர்ந்த டோர்ட் ஸ்கூக் தோலோடு அதற்கு அடியில் இருக்கும் படலத்தையும் சேர்த்துத் தூக்கினார். 1976ல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவர் அந்தப் படலத்தை விவரமாக எழுதினார்கள். டாக்டர்கள் "ஸ்மாஸ்" என்று சொல்வது அதைத்தான். 1990ல் ஹாம்ரா இன்னும் ஆழத்தில் போய்ச் செய்ததற்கு டீப் பிளேன் என்று பெயர். பாரத்தைத் தூக்குவது ஆழத்தில் இருக்கும் படலம், தோல் அதன் மேல் சும்மா படிந்தால் போதும் என்பதுதான் இத்தனை வருட ஆராய்ச்சியின் சாரம்.

இப்போது என் கதையைப் பாருங்கள். முதலில் எனக்கு நடந்தது ஸ்மாஸ் கால அறுவை. ஐந்தாம் மாதம் நடந்த டச்-அப் அதற்கும் எழுபது வருடம் முந்திய அறுவை. அதுவும் நானே கெஞ்சிக் கேட்டு.

இடம் வேறு தப்பு. காதுக்குப் பின்னால் இழுத்தால் காதோரம் நிமிரும். முகவாய்க்கு அடியில் நடுக்கோடு வரை போய்ச் சேர்வதற்குள் அந்த இழுவை தேய்ந்துவிடும். போர்வையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் நடுச் சுருக்கம் போகுமா? உங்கள் தொய்வு தாடை ஓரத்திலா, நடுவிலா என்று சொல்லவில்லையே. அதைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3

எழுபதா ஐம்பதா என்று ஒருவர் கணக்குக் கேட்கிறார். 1976ல் 1906ஐக் கழித்தேன். அதற்கு மேல் என்னால் வாதாட முடியாது.

பிப்ரவரி 11

கேட்டவர் இன்று எழுதியிருக்கிறார். தொய்வு ஓரத்தில்தானாம், இடது தாடை வளைவுக்குக் கீழே. அப்புறம் போகிற போக்கில் ஒரு வரி: "அறுவைக்கு அப்புறம் உற்சாகத்தில் நடக்க ஆரம்பித்து ஏழு கிலோ குறைத்துவிட்டேன்."

இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! ஒரு மாதமாக நான் கயிற்றுக் கட்டிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஏழு கிலோ கூடுதலாக இருந்தபோது உங்கள் முகத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. உள்ளே இருந்த கொழுப்பு போய்விட்டால் சட்டை தொளதொளக்காமல் என்ன செய்யும்? உங்கள் டாக்டரின் தையல் சரியாகவே இருந்திருக்கலாம்.

இன்னும் குறைக்கப் போகிறீர்களா என்பதுதான் இப்போது முதல் கேள்வி. ஆமாம் என்றால் டச்-அப் பேச்சே வேண்டாம். எடை ஓரிடத்தில் நின்று சில மாதமாவது ஆகட்டும், ஆறு மாதம் என்றால் நல்லது. நடப்பதை நிறுத்தச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு வருடக் கெடு உங்களுக்கும் இருக்கிறதா? இருந்தால் ஒரு யோசனை. நான் செய்யாதது இது. இப்போதே போய், குறையைச் சொல்லி, அவர்கள் கேமராவில் படம் எடுத்து, "ஆறாம் மாதம் இந்தக் குறை சொல்லப்பட்டது, பன்னிரண்டாம் மாதத்துக்குப் பிறகு பார்த்து முடிவு செய்வோம்" என்று கோப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். கையில் பிரதி இருந்தால் கெடு பயத்தில் அவசரப்பட மாட்டீர்கள்.

பிப்ரவரி 20

நான் வேறொரு டாக்டரிடம் போய்வந்தேன். ஜனவரி ஒன்பதாம் தேதி வேண்டாம் என்று உங்களுக்கு எழுதியபோதே இந்தச் சந்திப்புக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இவர் உட்கார்ந்ததும் கத்தியைப் பற்றிப் பேசவில்லை. விரலால்தான் பார்த்தார். முதலில் முகவாய்க்குக் கீழே தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். தோல் மட்டும் உபரியாக இருந்தால் மெல்லிசாகக் கையோடு வரும். எனக்கு வந்தது கொஞ்சம்தான். அடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கீழுதட்டைக் கீழே இழுக்கச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தால் கழுத்தில் முகவாயிலிருந்து கீழ்நோக்கி இரண்டு கயிறு புடைத்து நின்றது. பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசையின் உள்விளிம்புகள் அவை. வயதாக ஆக அந்த இரண்டும் நடுவில் தளர்ந்து பிரிந்து முன்னால் வரும். நான் ஒரு வருடமாகத் தோல், தோல் என்று கிள்ளிக்கொண்டிருந்தது இந்தத் தசையை.

மூன்றாவதாகத் தாடை எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் அழுத்தினார். நெல்லிக்காய் மாதிரி ஒன்று வழுக்கியது. பயந்துவிட்டேன். உமிழ்நீர்ச் சுரப்பியாம், எல்லோருக்கும் உண்டு. சிலருக்குக் கீழே இறங்கியிருக்கும். கழுத்துக் கொழுப்பை எடுத்துவிட்டால் அதுவரை மறைந்திருந்த சுரப்பி மேடாகத் தெரிய ஆரம்பிக்கும். அதன் மேல் தோலை எவ்வளவு இறுக்கினாலும் மேடு மேடுதான், இறுக்க இறுக்க இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆக என் தொய்வில் தோலின் பங்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை. (இந்தப் பின்னம் என் கணிப்பு, டாக்டர் சொன்னதல்ல.) கயிறுகளை நடுவில் சேர்த்துத் தைக்க வேண்டுமென்றால் முகவாய்க்கு அடியில் வெட்டி உள்ளே போக வேண்டும். "அதை டச்-அப் என்று சொல்ல மாட்டேன், அது ஒரு அறுவை" என்றார். முதல் ஆள் அதை அப்போதே ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் சோணையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நீங்களும் உங்கள் டாக்டரிடம் போய்க் கேளுங்கள்: இது தோலா, தசையா, கொழுப்பா, சுரப்பியா? ஒற்றைச் சொல்லில் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிப்ரவரி 21

"ஒற்றைச் சொல்லில்" என்று எழுதியது அவசரம். எனக்கே பதில் மூன்று சொல்லில்தானே வந்தது. தொட்டுப் பார்க்காமல் பதில் சொன்னால் எழுந்து வாருங்கள் என்று திருத்திக்கொள்கிறேன்.

மார்ச் 8

கத்தி இல்லாமல் முடியுமா என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. அதனால் சுற்றிப் பார்த்தேன்.

அல்ட்ராசவுண்ட், ரேடியோ அலை இரண்டுமே தோலுக்கு அடியில் சூடு காட்டி, தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற நாரை உடம்பைப் புதிதாகச் செய்ய வைக்கும் வேலை. பலன் உடனே தெரியாது, மாதக்கணக்கில் மெதுவாக வரும், வந்தாலும் கொஞ்சம்தான். லேசான தளர்ச்சிக்குச் சரி. கையில் அள்ளும் அளவுக்குத் தோல் இருந்தால் சூடு எங்கே போய் இறுக்குவது? ஊசிகள் வழியாக ரேடியோ அலை செலுத்தும் கருவிகளில் ஆழம் தப்பினால் கொழுப்பு கரைந்து பள்ளம் விழுந்தவர்களும் உண்டு. ஏற்கெனவே மெலிந்த முகத்துக்கு அது கூடுதல் வினை. ஏழு கிலோ குறைத்தவர் கவனிக்கவும்.

நூல் போட்டுத் தூக்குவது: நூல் கரைகிறவரைதான் அதன் பிடி. உள்ளே ஏற்கெனவே ஒரு அறுவையின் தழும்புத் திசு இருக்கிறது என்பதையும் போடுகிறவர் யோசிக்க வேண்டும்.

கொழுப்பு கரைக்கும் டிஆக்ஸிகோலிக் அமில ஊசி: முகவாய்க்குக் கீழே உள்ள கொழுப்புக்கு என்று அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2015ல் அனுமதித்தது. அது கொழுப்புக்கு. நம் பிரச்சினை காலிப் பை. பையைக் காலி செய்கிற மருந்து நமக்கு எதற்கு?

போடாக்ஸ் கழுத்துக்கு அனுமதியே இல்லை, போடுகிறவர்கள் தங்கள் பொறுப்பில் போடுகிறார்கள்.

மார்ச் 9

கடைசி வரி பழைய செய்தி. கழுத்தின் அந்தக் கயிறுகளுக்குப் போடாக்ஸ் போட 2024 அக்டோபரில் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்துவிட்டது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, அவர் அதைக் கொஞ்சம் குறைந்த சந்தோஷத்தோடு செய்திருக்கலாம்.

தசை இறுகிப் புடைப்பதை அது தளர்த்தும். மூன்று நாலு மாதத்தில் தீர்ந்துவிடும். தோலுக்கு அதில் ஒன்றும் இல்லை.

மார்ச் 22

புகைப்பவர் ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், டச்-அப் சின்னதுதானே, நிறுத்த வேண்டுமா என்று. நிறுத்த வேண்டும். நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், பிரித்தெடுத்த தோல் உயிரோடு இருப்பது அந்தக் குழாய்களை நம்பித்தான். 1984ல் ரீஸும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், ஃபேஸ்லிஃப்ட்டுக்குப் பிறகு தோல் கருகி உதிர்வது புகைப்பவர்களுக்குப் பன்னிரண்டு மடங்கு அதிகம் என்று வந்தது. நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம்மும் கணக்கில் சேரும். எத்தனை வாரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், அவரிடம் பொய் சொல்லாதீர்கள்.

ஏப்ரல் 5

தூக்கம் வரவில்லை. இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, வேண்டாதவர்கள் தாண்டிப் போங்கள்.

அக்கா வந்திருந்தாள். "யாருக்கடி தெரியுது அது?" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. யாருக்கும் தெரியாது என்பது எனக்கும் தெரியும். முதல் அறுவைக்கு முன்னால் இருந்த தொங்கலும் யாருக்கும் தெரியவில்லை என்றுதானே எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது, அதனால் செய்துகொண்டேன், அதில் வருத்தமே இல்லை. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இப்போது எவ்வளவோ தேவலை.

ஆனால் பழைய படத்தோடு நான் ஒப்பிடுவதே இல்லை. ஒப்பிடுவதெல்லாம் இரண்டாவது மாதத்துப் படத்தோடு. அந்த வீங்கிய முகத்தோடு. அப்படி ஒரு முகம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. அது வேண்டுமென்று கேட்டுத்தான் ஐந்தாவது மாதம் போய் நின்றிருக்கிறேன்.

அந்தப் படத்தைக் கைபேசியிலிருந்து அழித்தேன். அழித்தவை என்ற இடத்தில் முப்பது நாள் இருக்கும் என்கிறது. பரவாயில்லை, முப்பது நாள் இருக்கட்டும்.

மே 14

சோணையைச் சரிசெய்துகொண்டேன், இரண்டாவது டாக்டரிடம். டச்-அப் முடிந்து பதின்மூன்று மாதம். அதுவரை பொறுத்ததற்கு அவர் சொன்ன காரணம் எளிது. இழுக்கிற தோல் இழுத்து முடிக்க வேண்டும். இழுவை மிச்சமிருக்கும்போது சோணையை விடுவித்தால் மறுபடியும் கீழே கொண்டுபோய்விடும். ஒட்டியிருந்த இடத்தில் முக்கோணமாகக் கொஞ்சம் எடுத்து, சோணையை மேலே விட்டு, கீழே கோடாகத் தைத்தார். மறுபடி ஊசி, மறுபடி கரகரப்பு. இந்த முறை சத்தம் வரும் என்று தெரிந்ததால் காதில் பாட்டு கேட்கலாமா என்று கேட்டேன். "எந்தக் காதில்?" என்றார்.

கழுத்தை விட்டுவிட்டேன். இப்போதைக்கு.

மே 21

தையல் எடுத்தாகிவிட்டது. சோணை உருண்டையாக இருக்கிறது, இடதை விட வலது ஒரு மில்லிமீட்டர் உயரம். அந்தக் காதின் கீழ்ப்பாதி முதல் அறுவையிலிருந்தே மரத்துக் கிடக்கிறது. காதுக்கு உணர்ச்சி தரும் பெரிய நரம்பு கழுத்தில் தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, இந்த அறுவையில் அதிகம் அடிபடும் நரம்பு அதுதானாம். போன் காதில் பட்டிருக்கிறதா என்று இன்னும் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். டச்-அப் கேட்கிறவர்கள் இதையும் ஒரு வரி கேட்டுக்கொள்ளுங்கள்: திரும்பவும் அதே பக்கம் பிரித்தால் மரத்தது கூடுமா?

ஆகஸ்ட் 9

கேட்டவர் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார். எடை ஜனவரியிலிருந்து அப்படியே நிற்கிறதாம். கோப்பில் எழுதி வைத்ததால் கெடுவை நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் மாதப் பரிசோதனையில் தொட்டுப் பார்த்து, கழுத்தில் கயிறு இல்லை, சுரப்பி இறங்கவில்லை, இடது பக்கம் தோல் மட்டும்தான் உபரி என்று சொல்லியிருக்கிறார் டாக்டர். பழைய தழும்பின் வழியாகவே போய், உள்ளே படலத்தையும் இரண்டு தையலில் பிடித்துவிட்டு, அப்புறம்தான் தோலை எடுத்தாராம். ஐந்தாம் தேதி, முக்கால் மணி நேரம்.

அரை மணி நேர வேலைக்குக் கூடுதல் கால் மணி. அந்தக் கால் மணிதான் எனக்கு நடக்காதது. பொறாமையாக இருக்கிறது, மறைக்கவில்லை.

ஜனவரி 9 இரவு நான் எழுதிய "வேண்டாம்" இப்போது பொருந்தாது, ஐந்தாம் மாதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இடது பக்கம் ஏன் இறுக்கமாகத் தெரிகிறது, எதற்குப் பயப்பட வேண்டும் என்று நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில். இடது பக்கம் இப்போது வலதைவிட இறுக்கமாகத் தெரிவது வீக்கம், அதைப் பார்த்துவிட்டு வலதையும் செய்யச் சொல்லாதீர்கள். ஒரே பக்கத்தில் வீக்கம் திடீரென்று பெரிதாகி வலித்தால் மட்டும் இரவு என்று பார்க்காமல் கூப்பிடுங்கள், உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். பெரும்பாலும் அது முதல் நாளிலேயே வரும், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். முகமூடி, கண்ணாடி எதன் காதுப்பிடியும் தையல் மேல் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல் எடுத்ததும் படம் எடுத்து வையுங்கள். நிமிர்ந்து.